மூக்கின் சொந்த ஊர்

அத்தியாயம் பதினான்கு

இந்தக் குடும்பத்தோடு தொடக்கத்திலிருந்தே பழகிவரும் வாசகர்களுக்கு ஃபீபியின் ரகசியம் தெரியும். இடையில் வந்து சேர்ந்தவர்கள் பொருட்டு அதைச் சுருங்கச் சொல்லிவிடலாம். ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஃபீபி, மாமனார் மாமியாருக்குத் தெரியாமல், 'தென்றல்' என்ற புனைபெயரில் இணையத்தில் ஒரு வலைப்பூ எழுதிவருகிறாள். கணவன் ஆல்வினுக்குத் தெரியும். வேலூரில் நர்ஸாக இருக்கும் நாத்தனார் ஜெனிஃபாவுக்குத் தெரியும். உலகம் முழுவதும் படிக்கக்கூடிய ஒன்றை ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பேரிடமிருந்து மறைப்பது எப்படி என்பதை அவள் இந்தச் சில மாதங்களில் கற்றுக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மாலை, பஜாரில் உள்ள ஜியாவுல்லாவின் நெட் சென்டரில் அவள் தன் பக்கத்தைத் திறந்தபோது, புதிய பதிவுக்கு நான்கு பின்னூட்டங்கள் வந்திருந்தன. இதுவரை எந்தப் பதிவுக்கும் இரண்டைத் தாண்டியதில்லை. அந்த இரண்டில் ஒன்று எப்போதும் ஆல்வினுடையது. ஆகவே நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

முதலாவது, பெயர் சொல்ல விரும்பாத ஒருவருடையது.

"தென்றல் அவர்களே, காலையில் ஊரே மல்லிகை மணக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வழியாக ரயிலில் போகிறவன். கண்ணை மூடியிருந்தாலும் ஆம்பூர் வந்துவிட்டதை மூக்கு சொல்லிவிடும். அது சொல்வது மல்லிகையை அல்ல. தோல் பதனிடும் ஊரைப் பற்றி இத்தனை பதிவுகள் எழுதிவிட்டு, நாற்றத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதவர் அந்த ஊர்க்காரராக இருக்க முடியாது. சென்னையில் உட்கார்ந்துகொண்டு கதை விடாதீர்கள்."

இரண்டாவது: "எனக்கு இவர் பெண்தானா என்றே சந்தேகம்."

மூன்றாவது: "நானும் அதையே சொல்ல வந்தேன்."

நான்காவது ஒரு சிரிப்புக் குறி மட்டும்.

தான் பெண் என்பதில் ஃபீபிக்குச் சந்தேகம் எதுவும் எழவில்லை. அவளைத் தாக்கியது முதல் பின்னூட்டம். அவர் குறிப்பிட்ட அந்த நாற்றத்தை அவள் ஒரு நாளும் உணர்ந்ததில்லை.

தெரிந்தே மறைத்திருந்தால் கதை வேறு. மன்னிப்புக் கேட்டு ஒரு பதிவு எழுதிவிடலாம். ஆனால் அவள் பிறந்தது ராணிப்பேட்டை, படித்தது மேல்விஷாரம், வாழ்க்கைப்பட்டது ஆம்பூர். மூன்றும் தோல் பதனிடும் ஊர்கள்; தண்ணீர் மாறியது, காற்று மாறவில்லை. எழுதுகிறவர்கள் மற்றவர்களுக்குப் புலப்படாததைக் கண்டு சொல்பவர்கள் என்பது அவளுடைய கொள்கை. இங்கேயோ, ரயிலில் போகிற யாருக்கும் புலப்படுவது அவளுக்கு மட்டும் புலப்படவில்லை.

அன்றிரவு ஆல்வினிடம் சொன்னாள்.

"இதுக்கா இவ்ளோ பேஜாரு? 'ஆமாங்க, நாறுது'ன்னு ஒரு வரி சேத்துப் போடு. முடிஞ்சிது."

"எனக்கே தெரியாதத எப்டி எழுதறது?"

"யாரு கண்டாங்க?"

"நான் கண்டேன்."

ஆல்வின் ஒரு முறை காற்றை இழுத்துப் பார்த்தான். "கொசுவத்தி வாசன வருது" என்று நேர்மையாக அறிவித்துவிட்டுத் திரும்பிப் படுத்தான்.

ஃபீபி ஒரு முடிவு செய்தாள். ஞாயிறு மாலைக்குள் அந்த நாற்றம் தனக்குப் புலப்பட வேண்டும். இல்லையென்றால் தன் ஊரைப் பற்றி எழுதும் தகுதி தனக்கு இல்லை என்று பொருள், வலைப்பூவை அழித்துவிடுவது.

ஆராய்ச்சிக்கு அவள் தேர்ந்தெடுத்த நாள், தூத்துக்குடியிலிருந்து ஜெனிஃபாவைப் பெண் பார்க்க வரும் நாளாக அமைந்தது அவள் குற்றம் அல்ல.

*

ஞாயிறு காலை, இட்லி வைத்த தட்டுக்கு எதிரே மாமனார் ஜார்ஜ் உட்கார்ந்திருந்தார். தோல் பதனிடும் டேனரி ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து, மேஸ்திரியாக ஓய்வு பெற்றவர். இவரைவிடத் தகுதியான சாட்சி கிடைக்காது என்று ஃபீபி கணித்தாள்.

"மாமா, நம்ம ஊரு நாறுதா?"

ஜார்ஜின் கை சட்னிக்குப் போகும் வழியில் நின்றது.

"இன்னாது?"

"ஆஃபீஸ்ல ஒருத்தர் கேட்டாரு. ஆம்பூர்னாலே ஒரு மாதிரி வாடை அடிக்குதாமே."

ஜார்ஜ் எழுந்து வாசலுக்குப் போனார். கதவைத் திறந்து நின்று, நெஞ்சு விரிய மூச்சை இழுத்தார். தெருவின் இரு பக்கமும் திரும்பி இழுத்தார். பிறகு வந்து உட்கார்ந்தார்.

"மழ வர்ற மாதிரி கீது. வேற ஒண்ணும் இல்ல."

விவகாரம் இதோடு முடிந்திருக்கும். ஆனால் அடுக்களை வாசலில் மாமியார் அமிர்தவள்ளி கரண்டியோடு நின்றிருந்தாள்.

"நாறுதுன்னு யாரு சொன்னது?"

"வெளியூர்க்காரங்க சொல்றாங்களாம் அத்த."

"வெளியூர்க்காரங்கன்னா... தூத்துக்குடிக்காரங்களும் வெளியூர்க்காரங்கதானே?"

இந்தத் தருக்கத்தில் பிழை இல்லை. பிழை இல்லாத தருக்கங்கள் அந்த வீட்டில் எப்போதும் ஆபத்தாகவே முடிந்திருக்கின்றன.

"போன தடவ வந்தாங்களே மதுரக்காரங்க, காபிகூடக் குடிக்காம எழுந்து போனாங்களே, அதுக்கு இதான் காரணமா?" என்றாள் அமிர்தவள்ளி. அதற்குக் காரணம், பையனின் சம்பளச் சீட்டைக் காட்ட முடியுமா என்று ஜெனிஃபா கேட்டது. அதை நினைவூட்ட யாரும் முன்வரவில்லை.

"அம்மா, நம்ம ஊரு நாறுதுன்னா நாறிட்டுப் போவட்டும். அவங்க என்னப் பாக்கத்தானே வர்றாங்க" என்று உள்ளறையிலிருந்து ஜெனிஃபா குரல் கொடுத்தாள்.

"நீ வாய மூடு. சம்பளச் சீட்டு கேட்டவதானே நீ."

அமிர்தவள்ளி மருமகள் பக்கம் திரும்பினாள். "ஃபீபி, நல்லா கேட்டுக்கோ. இன்னைக்கு அவங்க கிளம்பிப் போற வரைக்கும் இந்த வீட்ல நாத்தம், வாடை, மூக்கு, இந்த வார்த்த எதுவும் வரக்கூடாது. கர்த்தர் மேல சத்தியம் பண்ணு."

"சத்தியம் பண்ணக் கூடாதுன்னு வேதத்துலயே இருக்குது அத்த."

"சரி, பண்ணாத. ஆனா பேசாத."

ஃபீபி தலையை ஆட்டினாள். ஊரின் நாற்றத்தை உணரக்கூடிய மூக்குகள், அவள் தேடும் நாளிலேயே, அவள் வீட்டுக்கே வருகின்றன. அவற்றிடம் கேட்கக் கூடாது என்று வாக்கும் கொடுத்தாயிற்று. அந்த அநியாயத்தை நினைத்துக்கொண்டே கோயிலுக்குப் புடவை மாற்றப் போனாள்.

*

ஆராதனை முடிந்ததும், பூ வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு ஃபீபி கழன்றுகொண்டாள். பூ வாங்கினாள். பிறகு பூக்கடைக்கு நேர்மாறான திசையில் நடந்து, ஒரு டேனரியின் நீண்ட மதிலோரம் போய் நின்றாள்.

பூப்பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்; சோதனையில் கலப்படம் கூடாது. கண்ணை மூடி ஆழமாக மூச்சை இழுத்தாள்.

எதிரே ஓட்டலில் பிரியாணி தம் உடைக்கிறார்கள் என்று தெரிந்தது. கறி வெந்துவிட்டது என்பதும் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. மதிலுக்கு இன்னும் அருகில் போய், ஏறத்தாழ மூக்கைச் சுவரில் வைத்து, மீண்டும் இழுத்தாள்.

"இன்னாம்மா, சளியா?"

கேட்டவர் காவல்காரர். பெயர்ப் பட்டையில் 'ரஷீத் அஹமது' என்று எழுதியிருந்தது.

"இல்லீங்க. இங்க எதனா நாத்தம் வருதா?"

ரஷீத் அஹமது பொறுப்பாக யோசித்தார். "தோ, அந்த சாக்கட கொஞ்சம் நாறும். முனிசிபாலிட்டில சொல்லிகிறோம்."

"சாக்கட இல்ல. உள்ள... தோலு."

"தோலா?" அவர் திரும்பித் தன் டேனரியைப் பார்த்தார். "தோலு எதுக்கும்மா நாறப்போவுது?"

அவர் முகத்தில் இருந்தது கோபம் அல்ல, தூய வியப்பு. ஃபீபிக்குத் தன் முகமே எதிரில் நிற்பதுபோல் இருந்தது.

"சளிக்கு வெந்நீர்ல ஆவி புடிம்மா. ஜாஸ்தி புடிக்காத, தல சுத்தும்" என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் மனத்துக்குள் வலைப்பூவை அழித்துப் பார்த்தாள். சாயங்காலம் நெட் சென்டர். ஒரு கட்டத்தைச் சொடுக்க வேண்டும், 'நிச்சயமாகவா?' என்று ஒரு முறை கேட்கும். ஆமாம் என்று சொல்ல வேண்டும். ஏழு மாத எழுத்து போய்விடும். அது போனால் யாருக்கும் தெரியப்போவதில்லை. யாருக்கும் தெரியாது என்பதுதான் அவளை மிகவும் உறுத்தியது.

*

வீட்டு வாசலை நெருங்கியபோது அவள் ஒரு மணத்தை உணர்ந்தாள். ஒன்று அல்ல, பல. அவை ஒன்றோடொன்று போரிட்டுக்கொண்டிருந்தன.

எதிரியின் பலம் தெரியாத படைத்தலைவன் எல்லா ஆயுதங்களையும் ஒரே நேரத்தில் எடுப்பான். அமிர்தவள்ளி அதைத்தான் செய்திருந்தாள். தரை முழுவதும் ஃபினாயில். அலமாரியிலும் சோபாவின் அடியிலும் அந்துருண்டை. பக்கத்து வீட்டு ஜஹீதா வெள்ளிக்கிழமைதோறும் போடும் சாம்பிராணி, ஞாயிற்றுக்கிழமை ஒரு கிறிஸ்தவ வீட்டின் கூடத்தில் மேகமாய் எழுந்துகொண்டிருந்தது. திரைச்சீலையில் அத்தர்.

"அமிர்தக்கா, ரெண்டு சொட்டுதான் போடணும்னு சொன்னேனே" என்று ஜஹீதா மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கவலையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். "பாட்டில் எங்க?"

"ரெண்டு சொட்டுதான் போட்டேன். ஒவ்வொரு மடிப்புக்கும் ரெண்டு."

ஃபீபியின் கையிலிருந்த மல்லிகை வலுக்கட்டாயமாகப் பிடுங்கப்பட்டு, கூடத்து நிலைப்படியில் தொங்கவிடப்பட்டது. அந்தக் கூட்டத்தில் அது வாயைத் திறக்கவே இல்லை.

"இப்ப எப்டி கீது?" என்றாள் அமிர்தவள்ளி.

"கண்ணு எரியுது அத்த."

"கண்ணு எரிஞ்சா பரவால்ல."

*

விருந்தினர்கள் இரண்டே பேர்: மாப்பிள்ளை ஆலன், அவன் தாய் ஜெபகனி. தகப்பன் இல்லாத பிள்ளை. தூத்துக்குடியில் மீன் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் வேலை. சென்னையில் மகள் வீட்டில் தங்கியிருந்து, அன்று காலை ரயிலில் வந்திருந்தார்கள். ஜெபகனி கையில், பலமுறை சுற்றிக் கட்டிய ஒரு பெரிய பை இருந்தது. அதை அவள் யாரிடமும் கொடுக்கவில்லை; நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

வழக்கப்படி முதலில் ஜெபம். ஜார்ஜ் எழுந்து கண்ணை மூடினார்.

"அன்பின் பரலோகப் பிதாவே, தூர தேசத்திலிருந்து இந்தப் பிள்ளைகளைச் சுகமாய்க் கூட்டி வந்தீரே..."

ஜெபகனி தும்மினாள்.

"...உமக்கு ஸ்தோத்திரம். இந்த வீட்டை..."

மீண்டும் தும்மல். இம்முறை இரட்டை.

அமிர்தவள்ளி ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். ஊர்க் காற்று உள்ளே வந்துவிட்டது என்று அவளுக்கு உறுதியாயிற்று. ஜெபத்தின் நடுவே ஓசைப்படாமல் நகர்ந்து ஜன்னலைச் சாத்தினாள். சாம்பிராணித் தட்டில் இன்னும் ஒரு பிடி போட்டாள்.

ஆலனும் தும்மினான்.

ஆல்வின் நகர்ந்து ஜன்னலைத் திறந்தான். அமிர்தவள்ளி சாத்தினாள். ஜார்ஜ், 'ஆமென்' சொல்வதற்குள் இன்னொரு முறை திறக்கப்பட்டு, இன்னொரு முறை சாத்தப்பட்ட ஜன்னலின் ஓசையைப் பரிசுத்த ஆவியானவரின் அசைவாக எண்ணி, ஜெபத்தை நீட்டிக்கொண்டே போனார்.

ஜெபம் முடிந்தபோது விருந்தினர் இருவரின் கண்ணிலும் நீர் வழிந்தது.

"ரொம்ப உருக்கமா ஜெபம் பண்ணுதிய அண்ணாச்சி" என்றாள் ஜெபகனி, முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி.

காபி வந்தது. ஜெனிஃபா வந்து, வணக்கம் சொல்லி, திரைச்சீலைக்கு அருகே நின்றாள். அத்தர் தாங்காமல் ஓரடி விலகி நின்றாள். பேச்சு மெதுவாகத் தொடங்கியது. வேலூர் வெயில், தூத்துக்குடி வெயில், இரண்டில் எது கொடியது என்பதில் சமரசம் ஏற்பட்டது.

பிறகு ஜெபகனி குனிந்து அந்தப் பையை எடுத்தாள்.

"போற எடத்துக்கு வெறுங்கையா வரக் கூடாதுன்னு கொண்டாந்தேன் மயினி. நம்ம கடப்புறத்துச் சரக்கு."

முடிச்சுகளை அவிழ்த்தாள். பிளாஸ்டிக்கைப் பிரித்தாள். செய்தித்தாளை விரித்தாள்.

அந்தக் கூடத்தில் ஃபினாயில் தோற்றது. சாம்பிராணி தோற்றது. அத்தர், பிறந்த நாளிலிருந்து தான் சம்பாதித்த பெருமை அனைத்தையும் இழந்து திரைச்சீலைக்குள் ஒடுங்கிற்று.

ஜார்ஜ் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். முப்பது வருடம் டேனரியில் அசையாத மூக்கு அது.

"இது... இது இன்னாது?"

"சீலாக் கருவாடு. இந்தப் பக்கம் நெத்திலி. நல்லா காஞ்சது அண்ணாச்சி, வாடையே இருக்காது."

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜஹீதாவின் குரல் தெளிவாகக் கேட்டது: "அமிர்தக்கா! எங்கயோ எலி செத்துகீது போல, பரண்ல பாத்தீங்களா?"

ஆல்வின் அவசரமாக இருமினான்.

"எலியா?" ஜெபகனி உண்மையான அக்கறையோடு காற்றை இழுத்துப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியலியே. ஏ ஆலன், ஒனக்குத் தெரியுதா?"

ஆலனும் இழுத்துப் பார்த்தான். "சாம்பிராணிதாம்மா வருது."

இரண்டு முகங்களிலும் சிறிதளவும் நடிப்பு இல்லை. ஃபீபி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் டேனரி வாசலில் பார்த்த அதே தூய வியப்பு. அவள் கையிலிருந்த பலகாரத் தட்டு சாய்ந்து, இரண்டு முறுக்கு கீழே விழுந்தது. அவள் கவனிக்கவில்லை.

"அத்த," என்றாள் ஜெபகனியிடம், "ட்ரெயின்ல யாரும் எதுவும் சொல்லலியா?"

"என்ன சொல்ல? அரக்கோணம் தாண்டவும் எதுத்தாப்புல இருந்தவங்க எல்லாம் எந்திச்சு வேற எடத்துக்குப் போயிட்டாவ. நல்லதாப் போச்சு, நாங்க கால நீட்டிக்கிட்டு வந்தோம்."

ஃபீபி மாமியாரைப் பார்த்தாள். மாமியார் இவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் காலையில் வாங்கிய வாக்கு முழுவதும் இருந்தது. வாக்கை மீறினால் என்ன நடக்கும் என்பதும் இருந்தது.

அவள் மீறினாள்.

"எங்க ஊருல எதனா வாடை தெரிஞ்சுதாங்க?"

அமிர்தவள்ளி கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது ஜெபம் ஒன்று அங்கே தனியாக நடந்திருக்க வேண்டும்.

"அதை ஏன் கேக்கிய" என்று ஜெபகனி தயங்கினாள்.

"சும்மா சொல்லுங்க. தப்பா எடுத்துக்க மாட்டோம்."

"ஸ்டேஷன்ல எறங்கவும் கொஞ்சம் இருந்துது. இவன்தான் மொதல்ல சொன்னான்."

எல்லோரும் ஆலனைப் பார்த்தார்கள். அவன் காபி டம்ளரைக் கீழே வைத்தான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் என்பது, அவன் அதற்காக எடுத்துக்கொண்ட நேரத்திலேயே தெரிந்தது.

"எப்படி இருந்துச்சு?" ஃபீபி ஏறத்தாழக் கெஞ்சினாள். "சரியா சொல்லுங்க. எதப் போல இருந்துச்சு?"

"நனைஞ்ச செருப்ப ஒரு பெட்டில போட்டு, மழக்காலம் பூராப் பூட்டி வச்சுட்டுத் தொறந்தா எப்படி இருக்கும், அப்படி. அதுக்குள்ள யாரோ ஒரு முட்டைய ஒடச்சு ஊத்துன மாதிரி."

திரைச்சீலைக்குப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. ஜெனிஃபா வாயைப் பொத்திக்கொண்டாள், தாமதமாகிவிட்டது.

"முட்டையா?" என்றார் ஜார்ஜ்.

"அழுகின முட்ட மாமா" என்று ஆலன் திருத்தினான். அவனுக்குத் தன் மீதே இரக்கம் இல்லை.

"முப்பது வருஷம் நான் அதுக்குள்ளதான் நின்னேன் தம்பி. நானும், என்னோட இருந்த நூறு பேரும். முட்டன்னு ஒருத்தன் சொன்னதில்ல."

"எங்க கம்பெனிக்கு வாங்க மாமா. நான் தெனமும் அதுக்குள்ளதான் நிக்கேன். எனக்கு ஐஸ் வாசம்தான் தெரியும். நீங்க வந்து என்ன வாசம்னு சொல்லுங்க, நான் கேட்டுக்கிடுதேன்."

ஜார்ஜ், விரிந்து கிடந்த சீலாக் கருவாட்டை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவனை ஒரு பார்வை பார்த்தார். எதைக் குறித்து என்ன முடிவுக்கு வந்தார் என்பது முகத்தில் எழுதியிருக்கவில்லை.

*

விருந்தினர்கள் பிரியாணி சாப்பிட்டு, மாலை ரயிலுக்குக் கிளம்பினார்கள். ஆட்டோ தெருமுனை திரும்பியதும் அமிர்தவள்ளி வீட்டுக்குள் வந்து, எல்லா ஜன்னல்களையும் தானே திறந்தாள்.

"முட்டையாமே, முட்ட! அழுகின முட்டன்னு சொன்னவன் வீட்லயா பொண்ணு குடுக்கறது? ஜெனி, நீ இன்னா சொல்ற?"

"யோசிக்கணும்மா."

"யோசிக்கறதுக்கு இன்னா கீது?"

"அவர்கிட்ட ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டு சொல்றேன்."

"சம்பளச் சீட்டா?"

"அது இல்ல." ஜெனிஃபா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலூர் பஸ்ஸுக்குப் புறப்பட்டாள். போகிறபோது ஃபீபியின் காதருகே குனிந்து, "அண்ணி, அந்தப் பெட்டி, முட்ட, ரெண்டையும் எழுதிடுங்க. விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஃபீபி தன் மீது பாயப்போகும் புயலுக்காகக் காத்திருந்தாள். ஆனால் அமிர்தவள்ளிக்குக் கருவாட்டை எங்கே வைப்பது என்ற பிரச்சினை முன்னால் நின்றது. ஜார்ஜ் மட்டும் ஆல்வினைக் கொல்லைப்புறத்துக்கு அழைத்துப்போனார். என்ன பேசினார்கள் என்று ஃபீபியின் காதுக்கு எட்டவில்லை. ஆபீஸ் மெயில் பார்க்க வேண்டும் என்று பொதுவாக அறிவித்துவிட்டு ஃபீபி வெளியேறினாள்.

*

நெட் சென்டரில் கூட்டம் இல்லை. ஜியாவுல்லா மூலையில் ஒரு கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவள் தன் பக்கத்தைத் திறந்தாள். பின்னூட்டங்கள் ஒன்பதாகியிருந்தன. புதிய ஐந்தில் மூன்று, தென்றல் ஓர் ஆண் என்பதற்குச் சான்றுகள் அளித்திருந்தன. அழிப்பதற்கான கட்டம் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். சுட்டி அதன் மீதே போய் நின்றது.

விதித்துக்கொண்ட கெடுவின்படி அவள் தோற்றவள். மாலை வந்துவிட்டது, நாற்றம் வரவில்லை. மதிலில் மூக்கை வைத்தும் வரவில்லை.

ஆனால் ரயிலில் கால் நீட்டிக்கொண்டு வந்த அந்த அம்மாளை அவளால் மறக்க முடியவில்லை. எதிரே இருந்தவர்கள் எல்லாம் எழுந்து ஓடியும், எதனால் என்று தெரியாமல், அதை வசதியாக எடுத்துக்கொண்டவள். அவளைத் தூத்துக்குடிக்காரி அல்ல என்று யார் சொல்ல முடியும்? அவளைவிடத் தூத்துக்குடிக்காரி யார் இருக்க முடியும்?

நாற்றத்தைப் பற்றி எழுத ரயிலில் போகிற எவராலும் முடியும். அது தெரியாமல் இங்கேயே இருப்பது எப்படி இருக்கும் என்று அவர்களால் எழுத முடியாது.

சுட்டி நகர்ந்தது. புதிய பதிவுக்கான வெள்ளைக் கட்டம் திறந்தது. அவள் தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.

"எங்கள் ஊர் நாறுகிறது என்கிறீர்கள். நாறும். நேற்று வரை எனக்கு அது தெரியாது, இன்றும் தெரியாது, ஆனால் இன்று நம்புகிறேன். எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தினர் ஒருவர், நனைந்த செருப்பைப் பெட்டியில் பூட்டி வைத்து, அதில் அழுகிய முட்டையை ஊற்றியதுபோல் இருந்தது என்றார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். நான் சேர்க்க ஒன்றும் இல்லை. என் மாமனார் முப்பது வருடம் அதற்குள் நின்றார். அவருக்கும் சேர்க்க ஒன்றும் இல்லை. காலையில் ஊர் மல்லிகை மணக்கும் என்று நான் எழுதியது பொய் அல்ல. எங்களுக்கு வந்து சேர்வது அது ஒன்றுதான். நான் இந்த ஊர் இல்லை என்று சொன்னவருக்கு: ஐயா, எனக்கு நாறவில்லை என்பதுதான் நான் தரக்கூடிய சான்று."

அதற்குப் பிறகு விரல்கள் நிற்கவில்லை. ஃபினாயில் வந்தது, ஜன்னல் வந்தது, இரட்டைத் தும்மல் வந்தது. படித்துப் பார்த்தாள். வழக்கம்போல் நான்காவது வரியில் ஒரு சொல் உறுத்தியது. வழக்கத்துக்கு மாறாக அதை விட்டுவிட்டாள்.

கீழே பெயர் இருந்தது: 'தென்றல்.' வலைப்பூவின் அமைப்புகளுக்குள் போய் அதை நீக்கினாள். 'ஃபீபி ஆல்வின், ஆம்பூர்' என்று அடித்தாள்.

"பேர மாத்தறீங்களாக்கா?" என்று மூலையிலிருந்து எட்டிப் பார்த்தான் ஜியாவுல்லா.

"ஆமா."

"யாராவது பாத்துடுவாங்களே?"

"பாக்கட்டும்."

இந்தச் சொல் எவ்வளவு வேகமாக வந்தது என்று அவளே வியந்தாள். 'வெளியிடு' என்ற கட்டத்தைச் சொடுக்கினாள். வட்டம் சுழன்றது. ஆம்பூரின் தொலைபேசிக் கம்பிகள் தமக்கே உரிய நிதானத்தோடு அதை எடுத்துச் சென்றன. பதிவு வெளியாகிவிட்டது என்று திரையில் எழுத்து வந்தது.

கண்ணாடிக் கதவு திறக்கும் ஓசை கேட்டது.

"இன்னா ஜியா, நல்லா கீறியா?" பழக்கமான குரல். "நம்ம ஊரப் பத்தி கம்ப்யூட்டர்ல யாரோ எழுதறாங்களாமே. என் பையன் இப்பதான் சொன்னான். முழுசா சொல்ல மாட்டேங்கறான். எங்க போட்டா அது தெரியும்?"

ஜியாவுல்லா ஃபீபியைப் பார்த்தான். திரையை மூட ஒரு சொடுக்குப் போதும்; அதே திரையின் இன்னொரு ஜன்னலில் ஆபீஸ் மெயில் தயாராக இருந்தது. ஏழு மாதமாக அவள் விரல் அதற்குப் பழகியிருந்தது.

விரல் அசையவில்லை.

ஃபீபி எழுந்து, தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டாள்.

"இங்க உக்காருங்க மாமா."

ஜார்ஜ் மருமகளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து, வேட்டி நுனியில் நிதானமாகத் துடைத்து, மாட்டிக்கொண்டார்.

"மொத வரி எங்க கீது?" என்றார்.